ஆறு ஆறுகளின் பாகப்பிரிவினை

வரைபட நூலைத் திறந்து, தெற்காசியாவின் வடமேற்குப் பகுதியைப் பாருங்கள். மலைகளிலிருந்து ஆறு நீலக் கோடுகள் தென்மேற்கு நோக்கி இறங்கி வருவதைக் காணலாம். அவை சிந்து, ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஆறுகள். இவற்றுள் சிந்துவும் சட்லெஜும் திபெத்தில் தோன்றுகின்றன. ஜீலம் காஷ்மீரில் ஊற்றெடுக்கிறது. செனாப், ராவி, பியாஸ் ஆகிய மூன்றும் இந்தியாவின் இமாசலப் பிரதேச மலைகளில் பிறக்கின்றன. வழியில் ஒன்றோடொன்று கலந்து, இறுதியில் சிந்துவாக ஒன்றுபட்டு, பாகிஸ்தானில் கராச்சி நகருக்குக் கிழக்கே அரபிக் கடலில் சேர்கின்றன.

இப்போது அதே வரைபடத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். ஆறுகள் அனைத்தும் இந்தியாவின் ஆட்சியில் உள்ள பகுதிகளைக் கடந்த பிறகே பாகிஸ்தானின் சமவெளியை அடைகின்றன. இந்தியா மேல்மடையில் இருக்கிறது. பாகிஸ்தான் கடைமடையில் இருக்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சிய குடும்பத்தினரைக் கேட்டால், இந்த இரண்டு சொற்களின் பொருளை அவர்கள் உடனே சொல்வார்கள். மேல்மடைக்காரருக்கு நீர் முதலில் கிடைக்கும். கடைமடைக்காரருக்கு எஞ்சியதுதான் கிடைக்கும். அது எவ்வளவு, எப்போது என்ற கவலையும் அவருக்கு எப்போதும் இருக்கும்.

இந்தக் கவலையைத் தீர்க்க 1960ஆம் ஆண்டில் எழுதப்பட்டதே சிந்து நதிநீர் ஒப்பந்தம். அது எப்படி உருவாயிற்று, போர்களுக்கு இடையிலும் எப்படி நிலைத்தது, 2025ஆம் ஆண்டில் ஏன் தடுமாறியது என்பவற்றை இப்பகுதியில் பார்ப்போம்.

கோடு போட்டவர்கள் கால்வாயைப் பார்க்கவில்லையா?

'பஞ்சாப்' என்னும் பெயருக்கு 'ஐந்து நீர்' என்று பொருள். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஐந்து ஆறுகள் பாயும் நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேயர் அங்கு மாபெரும் கால்வாய்களை வெட்டினர். ஆறுகளின் குறுக்கே தலைமதகுகளைக் கட்டி, அவற்றிலிருந்து நீரைப் பிரித்துப் பல மைல் தொலைவுக்குக் கொண்டு சென்றனர். வறண்டு கிடந்த நிலத்தில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. புதிய ஊர்கள் எழுந்தன. தலைமதகு ஓரிடத்திலும் அதன் நீரால் விளையும் வயல் வெகு தொலைவிலுமாக இருந்தன. முழு நிலமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால் அதனால் எந்தச் சிக்கலும் எழவில்லை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அந்த நிலை மாறியது. இந்தியாவும் பாகிஸ்தானும் தனித்தனி நாடுகளாயின. பஞ்சாப் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எல்லையை வகுக்கும் பொறுப்பு சர் சிரில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்த காலமும் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. கால்வாய் அமைப்பை உடைத்தால் இரு தரப்புக்கும் கேடு விளையும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் மக்கள், சமயம், நகரங்கள், இருப்புப்பாதைகள் என்று பலவற்றையும் கருதி எல்லை வகுக்க வேண்டியிருந்தது. இறுதியில், ராவி ஆற்றின் மாதோப்பூர் தலைமதகும் சட்லெஜ் ஆற்றின் ஃபிரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவின் பக்கம் வந்தன. அவற்றை நம்பியிருந்த கால்வாய்களும் வயல்களும் பாகிஸ்தானின் பக்கம் சென்றன. சுருங்கச் சொன்னால், குழாய் ஒரு வீட்டிலும் அதன் திருகு மற்றொரு வீட்டிலும் இருந்தன.

நீர் நின்ற வசந்தகாலம்

பிரிவினைக்குப் பிறகு, பழைய ஏற்பாடே சிறிது காலத்துக்குத் தொடரட்டும் என்று கிழக்குப் பஞ்சாபும் மேற்குப் பஞ்சாபும் ஓர் இடைக்கால உடன்பாடு செய்துகொண்டன. அது 1948ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி முடிவுற்றது. புதிய உடன்பாடு எதுவும் கையெழுத்தாகவில்லை. மறுநாள், ஏப்ரல் 1ஆம் தேதி, எல்லையைக் கடந்து செல்லும் கால்வாய்களில் கிழக்குப் பஞ்சாப் நீரை நிறுத்தியது.

தன் நிலப்பகுதியில் ஓடும் நீர் தனக்கே உரியது என்பது கிழக்குப் பஞ்சாபின் வாதம். பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நீரின்மீது தனக்கு உரிமை உண்டு என்பது பாகிஸ்தானின் வாதம். இரண்டு வாதங்களுக்கும் அன்றைய உலகில் ஆதரவாளர்கள் இருந்தனர். ஆனால், விதைப்புக் காலத்தில் கால்வாய் வறண்டதைப் பார்த்துக்கொண்டு நின்ற உழவருக்குச் சட்ட வாதங்களால் பயன் ஏதும் இல்லை.

1948 மே 4ஆம் தேதி டெல்லியில் ஒரு தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. நீர் மீண்டும் வந்தது. ஆயினும், அந்தச் சில வாரங்கள் பாகிஸ்தானின் நினைவில் ஆழமாகப் பதிந்தன. அந்நாட்டின் இன்றைய அச்சத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் 1948ஆம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கூட்டுக்குடும்பமா, பாகப்பிரிவினையா?

1951ஆம் ஆண்டில் டேவிட் லிலியந்தால் என்னும் அமெரிக்கர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சென்றார். அவர் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர். ஒரு பெரிய ஆற்றுப்படுகையை முழுமையாகத் திட்டமிட்டு வளர்ப்பதில் அனுபவம் பெற்றவர். சிந்துப் படுகையை அரசியல்வாதிகளின் சிக்கலாகப் பார்க்காமல் பொறியாளர்களின் பணியாகப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். இரு நாடுகளும் சேர்ந்து ஆறுகளை வளர்க்க, உலக வங்கி உதவ வேண்டும் என்பது அவருடைய கருத்து. உலக வங்கியின் அன்றைய தலைவர் யூஜின் பிளாக் அதை ஏற்றுக்கொண்டார். 1952இல் பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஆனால், ஒன்றாக நிர்வகிப்பதற்கு வேண்டிய நம்பிக்கை இரு தரப்பினரிடமும் இல்லை. ஒருவர் அணையை மற்றவர் மேற்பார்வையிடுவதை எவரும் ஏற்கவில்லை. இதை உணர்ந்த உலக வங்கி, 1954ஆம் ஆண்டில் வேறொரு வழியை முன்வைத்தது. நீரைப் பங்கிட வேண்டாம். ஆறுகளையே பங்கிடலாம் என்பதே அந்த வழி. கூட்டுக்குடும்பமாக வாழ இயலாத சகோதரர்கள் பாகப்பிரிவினை செய்துகொள்வதைப் போன்றது அது.

அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் பேச்சு நீடித்தது. 1960 செப்டம்பர் 19ஆம் தேதி, கராச்சி நகரில் இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். உலக வங்கியின் சார்பில் வில்லியம் இலிஃப் கையெழுத்திட்டார்.

யாருக்கு எது?

கிழக்கு ஆறுகளான ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய மூன்றும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 33 மில்லியன் ஏக்கர்-அடி நீர் ஓடுகிறது. மேற்கு ஆறுகளான சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மூன்றும் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றின் நீர் சுமார் 135 மில்லியன் ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவே ஓர் ஏக்கர்-அடி; அது ஏறத்தாழ 1.23 மில்லியன் லிட்டர்.

மேற்கு ஆறுகளில் இந்தியாவுக்கு உரிமையே இல்லை என்று கருதிவிடக்கூடாது. குடிநீர், வீட்டுப் பயன்பாடு, குறிப்பிட்ட அளவு வேளாண்மை ஆகியவற்றுக்கு அந்நீரை எடுத்துக்கொள்ள இந்தியாவுக்கு அனுமதி உண்டு. மின்சாரம் எடுப்பதற்கும் அனுமதி உண்டு. ஆனால், பெருமளவில் நீரைத் தேக்கி வைக்காமல், ஓடும் நீரைக் கொண்டே சுழலிகளை இயக்கிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே விட வேண்டும். மூன்று மேற்கு ஆறுகளிலும் சேர்த்து, 3.6 மில்லியன் ஏக்கர்-அடிக்கு மேல் இந்தியா தேக்கக்கூடாது என்று வரம்பும் விதிக்கப்பட்டது.

கிழக்கு ஆறுகளை இழந்த பாகிஸ்தான், மேற்கு ஆறுகளின் நீரைத் தன் கிழக்குப் பகுதிக்குக் கொண்டுவரப் புதிய அணைகளும் இணைப்புக் கால்வாய்களும் கட்ட வேண்டியிருந்தது. அதற்காக இந்தியா 62,060,000 பவுண்டு ஸ்டெர்லிங் தொகையைப் பத்துத் தவணைகளில் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளும் நிதி வழங்கின. ஜீலம் ஆற்றில் மங்களா அணையும் சிந்து ஆற்றில் தர்பேலா அணையும் எழுந்தன. இந்தியாவோ தன் பங்கைக் கொண்டு பக்ரா அணையின் பாசனத்தைப் பெருக்கியது. இராஜஸ்தான் பாலைநிலத்துக்கும் கால்வாய் வெட்டியது.

பாகப்பிரிவினை முடிந்த பின் இரு தரப்பிலும் முணுமுணுப்பு எழுவது இயல்பு. மொத்த நீரில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்துவிட்டோம் என்று இந்தியாவில் சிலர் குறை கூறினர். நமக்குப் பாய்ந்துகொண்டிருந்த மூன்று ஆறுகளை முழுமையாக விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பாகிஸ்தானில் சிலர் குறை கூறினர். முழு மனநிறைவு எவருக்கும் இல்லை. ஆயினும், தன் பங்கு எது என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

போர்களுக்கு நடுவே

1965, 1971 ஆகிய ஆண்டுகளில் இரு நாடுகளும் போரிட்டன. 1999இல் கார்கில் மலைகளில் மீண்டும் மோதின. அப்போதெல்லாம் தூதரக உறவுகள் சீர்குலைந்தன. பயணப் பாதைகள் மூடப்பட்டன. ஒப்பந்தம் மட்டும் முறியவில்லை. 1965ஆம் ஆண்டுப் போரின்போதுகூட, பாகிஸ்தானுக்குச் செலுத்த வேண்டிய தவணையை இந்தியா நிறுத்தவில்லை.

இதற்குக் காரணம் என்ன? இரு நாட்டுத் தலைவர்களின் நட்பு என்று சொல்ல இயலாது. ஒப்பந்தத்தின் அமைப்பே முதன்மையான காரணம். ஒவ்வொரு நாடும் ஓர் ஆணையரை நியமிக்க வேண்டும். அவ்விருவரும் சேர்ந்ததே நிரந்தர சிந்து ஆணையம். அது ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். ஆறுகளின் நீரோட்ட அளவுகளை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வேண்டும். புதிய அணை கட்ட விரும்பும் நாடு அதன் வடிவமைப்பை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கருத்து வேறுபாடு வந்தால் அதைத் தீர்க்க மூன்று படிகள் வகுக்கப்பட்டன. முதலில், ஆணையர்கள் இருவரும் பேசுவார்கள். அங்குத் தீராத தொழில்நுட்ப வேறுபாடு நடுநிலை வல்லுநரிடம் செல்லும். அதற்கும் அப்பாற்பட்ட தகராறு நடுவர் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

இந்தப் படிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. செனாப் ஆற்றில் இந்தியா கட்டிய பக்லிஹார் அணையைப் பற்றிப் பாகிஸ்தான் முறையிட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரேமண்ட் லாஃபிட் என்னும் வல்லுநர் 2007இல் முடிவு கூறினார். வடிவமைப்பில் சில மாற்றங்களைச் செய்யச் சொல்லி, திட்டம் தொடர இடமளித்தார். ஜீலத்தின் கிளையாறான கிஷன்கங்காவின் நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்க இந்தியா திட்டமிட்டபோது, வழக்கு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீரைத் திருப்பலாம், ஆனால் விநாடிக்குக் குறைந்தது 9 கன மீட்டர் நீரைக் கீழே விட வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் இரு நாடுகளும் சிறிது பெற்றன, சிறிது விட்டுக்கொடுத்தன.

கட்டு தளர்ந்தது எப்படி?

காலப்போக்கில் புதிய நெருக்கடிகள் எழுந்தன. மக்கள்தொகை பெருகியது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாகிஸ்தானில் மட்டும் 240 மில்லியனுக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். மின்சாரத் தேவை கூடியது. பருவநிலை மாற்றத்தால் பனிப்பாறைகள் உருகுகின்றன. மழையின் போக்கும் மாறி வருகிறது. 1960ஆம் ஆண்டு ஒப்பந்தம் இவற்றை எண்ணிப் பார்த்து எழுதப்பட்டதன்று. மேலும், கிஷன்கங்கா, ராட்லே ஆகிய மின் திட்டங்களைப் பற்றிய தகராறை நடுநிலை வல்லுநரிடம் கொண்டு செல்வதா, நடுவர் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்வதா என்பதிலேயே இரு நாடுகளும் முரண்பட்டன. ஒப்பந்தத்தை மாற்றி எழுதப் பேச வேண்டும் என்று இந்தியா 2023இலும் 2024இலும் பாகிஸ்தானுக்கு அறிவிப்பு அனுப்பியது.

2025 ஏப்ரல் 22ஆம் தேதி, காஷ்மீரின் பஹல்காம் பகுதியில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னணியில் பாகிஸ்தானின் ஆதரவு உண்டு என்று இந்தியா குற்றம் சாட்டியது. பாகிஸ்தான் அதை மறுத்தது. மறுநாளே, எல்லை கடந்த பயங்கரவாதத்துக்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் கைவிடும்வரை ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படும் என்று இந்தியா அறிவித்தது. தனக்கு உரிய நீரைத் தடுப்பதோ திருப்புவதோ போர்ச் செயலாகக் கருதப்படும் என்று பாகிஸ்தான் கூறியது. மே மாதத்தில் இரு நாடுகளுக்கும் இடையே ஆயுத மோதல் மூண்டது. மே 10ஆம் தேதி சண்டை ஓய்ந்த பிறகும், ஒப்பந்தத்தைப் பற்றிய இந்தியாவின் முடிவு மாறவில்லை.

செய்தியை எப்படி வாசிப்பது?

மாணவர்களே, இத்தகைய செய்திகளை வாசிக்கும்போது சொற்களைக் கூர்ந்து கவனியுங்கள். 'நிறுத்தி வைப்பது' வேறு. 'இரத்து செய்வது' வேறு. இந்தியா பயன்படுத்தியது முதல் சொல். ஒப்பந்தத்திலோ, ஒரு நாடு தானாக விலகவோ நிறுத்தி வைக்கவோ வழிசெய்யும் விதி இல்லை. இரு அரசாங்கங்களும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டு முடிக்கும்வரை இது நடப்பில் இருக்கும் என்றே எழுதப்பட்டுள்ளது. பாகிஸ்தான் இதைச் சுட்டிக்காட்டுகிறது. அடிப்படைச் சூழ்நிலைகள் மாறிவிட்டன என்றும் நல்லெண்ணம் இன்றி ஒப்பந்தம் இல்லை என்றும் இந்தியா வாதிடுகிறது. இரண்டும் அவ்வந்நாட்டின் நிலைப்பாடுகள். தேர்வு விடையில் அவற்றை யார் கூறியது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஒருவரின் நிலைப்பாட்டை முடிந்த முடிவான உண்மையாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, ஆற்றின் இயல்பையும் எண்ணிப் பாருங்கள். 'நீர் நின்றுவிட்டது' என்னும் தலைப்பைப் பார்த்தவுடன் ஆறே வற்றிவிட்டதாக எண்ணத் தோன்றும். மேற்கு ஆறுகளின் பெருவெள்ளத்தைத் தேக்கி வைக்கும் அளவுக்கு இந்தியாவிடம் அந்த ஆறுகளில் பெரிய நீர்த்தேக்கங்கள் இல்லை. அவற்றைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும், கடைமடையில் இருப்பவரின் அச்சம் வீணானது என்றும் சொல்லிவிட முடியாது. ஆற்றில் நீர் குறைந்திருக்கும் மாதங்களில், விதைப்பு நேரத்தில், சில நாள் தாமதமேகூட உழவரைப் பாதிக்கும். மதகு எப்போது மூடும், எப்போது திறக்கும் என்ற தகவல் கிடைக்காததும் ஓர் இழப்பே.

அந்த இழப்பின் தன்மையை 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எடுத்துக்காட்டியது. பருவமழை கடுமையாகப் பெய்தது. எல்லையின் இருபுறமும் உள்ள பஞ்சாப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஒப்பந்தத்தின்படி ஆணையர்கள்வழி செல்ல வேண்டிய வெள்ள எச்சரிக்கையை, இந்தியா மனிதநேய அடிப்படையில் தன் தூதரகம்வழி பாகிஸ்தானுக்கு அனுப்பியது. வழி மாறினாலும் எச்சரிக்கை சென்றது. இதிலிருந்து நாம் இரண்டைக் கற்கலாம். ஆறு எல்லைக்கோட்டை அறியாது. அதன் வெள்ளம் இரு நாட்டு வயல்களையும் ஒன்றாகவே மூழ்கடிக்கும். ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டாலும், அண்டை நாட்டாரின் உயிரைக் காக்கும் கடமை நின்றுவிடுவதில்லை.

நமக்கு இதில் என்ன?

நீர் ஒப்பந்தம் என்பது நமக்குத் தொலைவான செய்தி அன்று. ஜோகூர் ஆற்று நீரைப் பற்றி 1962இல் கையெழுத்தான ஒப்பந்தம், 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது பிரிவினை உடன்பாட்டிலேயே உறுதி செய்யப்பட்டது. அது 2061ஆம் ஆண்டுவரை நடப்பில் இருக்கும். நாள்தோறும் குழாயைத் திறக்கும்போது நாம் அதை நினைப்பதில்லை. நல்ல ஒப்பந்தத்தின் அடையாளமே அதுதான். அது ஒழுங்காக நடைபெறும்வரை எவருக்கும் அதன் நினைவு வருவதில்லை.

சிந்து ஒப்பந்தம் நண்பர்களுக்கிடையே எழுதப்பட்டதன்று. ஒருவரையொருவர் நம்பாதவர்கள், நம்பிக்கை இல்லாத நிலையிலும் எப்படி வாழ்வது என்று எழுதிவைத்த ஏற்பாடு அது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது இரு நாட்டு உழவர்களின் வயல்களுக்கு நீர் கொண்டு சென்றது. அதைத் திருத்த வேண்டுமா, மீண்டும் தொடர வேண்டுமா, புதிதாக எழுத வேண்டுமா என்பதை இரு நாடுகளும்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஆறு ஆறுகளும் அதே மலைகளிலிருந்து இறங்கி, அதே இரு நாடுகள் வழியாகத்தான் ஓடப்போகின்றன. ஆகவே, அவர்கள் என்றாவது ஒரு நாள் மீண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத்தான் வேண்டியிருக்கும்.

சிந்தித்து விடையளிக்க

1. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை, சிந்துப் படுகையின் பாசனத்தை எவ்வாறு பாதித்தது? இரண்டு தலைமதகுகளைச் சான்றாகக் காட்டி விளக்குக.

2. நீரைப் பங்கிடுவதற்கும் ஆறுகளைப் பங்கிடுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன? உலக வங்கி இரண்டாவது வழியை ஏன் முன்வைத்தது?

3. போர்களுக்கு இடையிலும் ஒப்பந்தம் நிலைத்ததற்கான காரணங்களை உம் சொந்த நடையில் எழுதுக.

4. 'மேல்மடையில் இருப்பவருக்கு உரிமை அதிகம். ஆகவே பொறுப்பும் அதிகம்.' இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? இரு தரப்பு நிலைப்பாடுகளையும் சீர்தூக்கி, உம் கருத்தைக் குழுவில் கலந்துரையாடுக.